கரைந்த நொடியில் ஓடத் தொடங்கும் கடிகாரம்: பைருவேட் மிகைமுனைவாக்கம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2003-இல் சுவீடனின் மால்மோ நகரில் இருந்த ஓர் ஆய்வுக் குழு, யூரியா கரைசல் ஒன்றின் காந்த ஒத்ததிர்வு நிறமாலையை வெளியிட்டது. யூரியாவில் புதுமை ஏதும் இல்லை. அதிலிருந்து வந்த கார்பன்-13 சமிக்ஞையின் உயரம்தான் செய்தி: சாதாரணமாக வரக்கூடியதைப்போல 44,400 மடங்கு. அதே மூலக்கூறின் நைட்ரஜன்-15 சமிக்ஞை 23,500 மடங்கு. காந்தத்தைப் பெரிதாக்கிச் சமிக்ஞையை இரண்டு மடங்காக்கவே ஆண்டுக்கணக்கில் மெனக்கெடும் துறை இது. அங்கே இப்படி ஓர் எண் வந்து விழுந்ததும் பலர் புருவத்தை உயர்த்தியதில் வியப்பில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2013-இல், சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 31 புரோஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் மிகைமுனைவாக்கம் எனப்படும் இதே உத்தியைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்கள். ஊசியில் போனது யூரியா இல்லை, பைருவேட்; குளுக்கோஸ் உடையும்போது உடலில் உருவாகும் ஒரு சிறு மூலக்கூறு. மனித உடலில் இந்த வகைக் கார்பன்-13 படப்பிடிப்பு நடந்தது அதுவே முதல் முறை.

இந்த இரண்டு வெளியீடுகளுக்கும் நடுவில் எடுக்கப்பட்ட முடிவுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மிகைமுனைவாக்கத்தை எல்லோரும் ‘சமிக்ஞையைப் பெருக்கும் முறை’ என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். தப்பில்லை, ஆனால் அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பெருக்கி என்றால் சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டு வேண்டும்போதெல்லாம் கேட்கலாம். இதுவோ ஒரே ஒரு முறை கையில் கொடுக்கப்பட்டு, கொடுத்த நொடியிலிருந்து கரைந்துகொண்டே போகும் கையிருப்பு. திரும்ப நிரப்ப வழியில்லை. அந்தக் கண்ணோடு பார்த்தால் மூலக்கூறைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து ஸ்கேனரில் ரேடியோ துடிப்பு கொடுத்த விதம் வரை ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும்.

சமிக்ஞை ஏன் இவ்வளவு மெலிது

ஹைட்ரஜனின் அணுக்கரு, அதாவது புரோட்டான், தற்சுழற்சி கொண்டது. ஆய்வகத்தில் எல்லோரும் ஸ்பின் என்றே சொல்வார்கள். அதனால் அது ஒரு குட்டிக் காந்தம். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் அதற்கு இரண்டு நிலைகள்தாம்: புலத்தோடு சேர்ந்து நிற்கலாம், எதிர்த்தும் நிற்கலாம். சேர்ந்து நிற்பதில் ஆற்றல் கொஞ்சம் குறைவு. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆட்டத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 3 டெஸ்லா ஸ்கேனருக்குள் உடல் வெப்பநிலையில் 10 லட்சம் புரோட்டான்களை எண்ணினால், ஒரு பக்கம் கூடுதலாக நிற்பவை ஏறத்தாழ 10. மீதி எல்லாம் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். நாம் பார்க்கும் எம்.ஆர்.ஐ படம் முழுவதும் அந்தப் பத்தின் குரல்தான்.

அப்படியும் படம் தெளிவாக வருகிறதே என்றால், காரணம் தண்ணீர். தூய நீரில் புரோட்டான்களின் செறிவு 110 மோலார். தலைக்கு ஒரு முனகல் என்றாலும் கூட்டம் பெரிது, சத்தம் கேட்டுவிடுகிறது.

கார்பனுக்கு வந்தால் கதை மாறுகிறது. சாதாரணக் கார்பன்-12-க்கு ஸ்பின் இல்லை. ஸ்பின் உள்ள கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம். அதன் காந்த வலிமை புரோட்டானுடையதில் நான்கில் ஒரு பங்கு. ஆக 10 லட்சத்துக்கு இரண்டரைதான் கூடுதல். போதாததற்கு, உயிரணுவின் வளர்சிதைமாற்றத்தில் நமக்கு ஆர்வமூட்டும் மூலக்கூறுகள் மில்லிமோலார் அளவில்தான் இருக்கின்றன. நோயாளியைப் படுக்க வைத்து, ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாறுவதைக் கார்பன் வழியாக நேரில் பார்ப்பது சாதாரண வழியில் நடக்காத காரியம்.

புலத்தைக் கூட்டலாம், பத்து மடங்குகூடப் போக முடியாது. வெப்பநிலையைக் குறைக்கலாம்; நோயாளியை உறைய வைக்க முடியாது. சரி, மருந்தை மட்டும் உறைய வைத்தால் என்ன? இங்கிருந்துதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. 3.35 டெஸ்லாவில் 1.2 கெல்வின் வரை குளிரூட்டினால்கூடக் கார்பன்-13-இன் முனைவாக்கம், அதாவது ஒரு பக்கம் கூடுதலாக நிற்பவற்றின் பங்கு, 0.07 சதவீதத்தைத் தாண்டாது. அறை வெப்பநிலையோடு ஒப்பிட்டால் பெரிய ஏற்றம்தான். ஆனால் அதே இடத்தில் எலக்ட்ரானைப் பாருங்கள். அதன் காந்த வலிமை புரோட்டானைப்போல 658 மடங்கு. அந்தக் குளிரில் அது 95 சதவீதம் முனைவாகி நிற்கும்.

எலக்ட்ரானிடம் கைமாற்று

எலக்ட்ரானிடம் இருப்பதை அணுக்கருவுக்கு மாற்றலாம் என்ற எண்ணம் பழையது. 1953-இல் ஆல்பர்ட் ஓவர்ஹவுசர், உலோகம் ஒன்றில் எலக்ட்ரான்களின் ஒத்ததிர்வை நுண்ணலையால் தொடர்ந்து கிளறினால் அணுக்கருக்களின் முனைவாக்கம் பல மடங்கு ஏறும் என்று கணித்தார். கேட்டவர்களில் துறையின் மூத்த பெயர்கள் சிலர் நம்பவில்லை. சூடேற்றுவது போன்ற ஒரு செயலால் ஒழுங்கு கூடுகிறது என்றால் யார்தான் உடனே ஒப்புக்கொள்வார்கள்? அதே ஆண்டு தாமஸ் கார்வரும் சார்லஸ் ஸ்லிக்டரும் லித்தியம் உலோகத்தில் அதைச் செய்து காட்டியதும் வாதம் ஓய்ந்தது.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த வித்தை துகள் இயற்பியலாளர்களின் கையில்தான் அதிகம் புழங்கியது. முடுக்கியிலிருந்து வரும் கற்றை மோதுவதற்கு, அணுக்கருக்கள் ஒரே திசை பார்த்து நிற்கும் இலக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. மாதிரி உறைந்தே இருக்கும். இலக்குக்கு அது போதும். உறைந்ததை வெளியே எடுத்து ஒருவரின் ரத்தத்தில் செலுத்த வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

யான் ஹென்ரிக் ஆர்டென்கியர்-லார்சன், கிளாஸ் கோல்மன் ஆகியோரின் மால்மோ குழு கேட்டது அதைத்தான்: உறைந்த மாதிரியைச் சட்டென்று சூடான நீரில் கரைத்தால் முனைவாக்கம் தப்பிப் பிழைக்குமா? பிழைத்தது. 2003 கட்டுரையின் புதுமை அந்த ஒற்றைச் செயலில்தான் இருக்கிறது. மற்ற எல்லாம் முன்பே யாரோ ஒருவரிடம் இருந்தவை.

பைருவேட்டுக்கு அது நடக்கும் விதம் இது. முதல் கார்பன் இடத்தில் கார்பன்-13 பொதித்த பைருவிக் அமிலத்தில், டிரைட்டில் என்ற ரேடிக்கலைச் சிறிது கலக்கிறார்கள். ரேடிக்கல் என்றால் இணை சேராத ஓர் எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறு. கைமாற்றுக் கொடுப்பவர் அவர்தான். தூய பைருவிக் அமிலம் ஏறத்தாழ 14 மோலார்; டிரைட்டில் 15 மில்லிமோலார். அதாவது ஓர் எலக்ட்ரான் ஆயிரத்துக்கு நெருக்கமான கார்பன்களைக் கவனிக்க வேண்டும். இந்தக் கலவை உறையும்போது படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைகிறது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் படிகமானால் ரேடிக்கல்கள் ஓரமாக ஒதுக்கித் தள்ளப்பட்டு, நடுவில் இருக்கும் கார்பன்களுக்கு ஒன்றும் வந்து சேராது. வேறு பல சேர்மங்களுக்கு இதற்கென்றே கிளிசரால் போன்றவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பைருவிக் அமிலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

உறைந்த மாதிரியின்மேல் 94 கிகாஹெர்ட்ஸ் அருகே நுண்ணலை விழுகிறது. எலக்ட்ரானின் சரியான அதிர்வெண்ணிலிருந்து கொஞ்சம் விலக்கி வைப்பதுதான் சூட்சுமம். அப்போது எலக்ட்ரானும் பக்கத்து அணுக்கருவும் சேர்ந்தே புரள்கின்றன. எலக்ட்ரான் விரைவாகத் தன் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த அணுக்கருவுக்குத் தயாராகிவிடும். அணுக்கருவோ அந்தக் குளிரில் மந்தமானது. கிடைத்ததை விடாமல் வைத்துக்கொள்ளும், பக்கத்து அணுக்கருக்களுக்கும் கைமாற்றும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இதைத் தொடர்ந்தால் கார்பன்களின் முனைவாக்கம் பத்து, இருபது சதவீதங்களில் வந்து நிற்கிறது. மால்மோவின் யூரியாவில் கரைத்த பிறகும் 37 சதவீதம் இருந்தது.

ஏன் பைருவேட்

புற்றுநோய் என்றதும் நினைவுக்கு வர வேண்டியது குளுக்கோஸ். கதிரியக்கச் சுவடுப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் அதை வைத்துத்தான் ஓடுகிறது. கார்பன்-13 குளுக்கோஸை முனைவாக்கினால் நேரடியாகவே பார்த்துவிடலாமே?

முடியவில்லை, காரணம் டி1. வெப்பச் சமநிலைக்கு மீறிய முனைவாக்கம், சுற்றுப்புறத்தோடு ஆற்றலைப் பரிமாறி மீண்டும் அந்தப் பத்து லட்சத்துக்கு இரண்டரைக்கே இறங்கிவிடும். இறங்கும் வேகத்தைச் சொல்லும் அளவுதான் டி1 எனப்படும் தளர்வு நேரம். குளுக்கோஸின் கார்பன் ஒவ்வொன்றும் ஹைட்ரஜனோடு ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே இவ்வளவு வலுவான ஒரு காந்தம் ஆடிக்கொண்டிருந்தால் கார்பன் நிம்மதியாக இருக்குமா? ஒன்றிரண்டு நொடிகளில் தளர்ந்துவிடும். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டிரியத்தைப் பொருத்தினால் பத்து நொடி அளவுக்கு நீட்டலாம். கையிலிருந்து ஊசிக்குப் போவதற்கே அது பத்தாது.

பைருவேட்டின் முதல் கார்பனில் ஹைட்ரஜன் கிடையாது. ஆக்சிஜன்கள்தாம் சுற்றி இருக்கின்றன. கரைசலில் அதன் டி1 ஏறத்தாழ 60 நொடி. இந்த ஒற்றை எண்ணே பைருவேட்டை மேடைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் ஆயுள் மட்டும் போதாது. யூரியாவும் கெட்டியான ஆள்தான். உடலில் அது எதுவாகவும் மாறுவதில்லை, ரத்த ஓட்டத்தைக் காட்டும், அவ்வளவே. பைருவேட் நின்றுகொண்டிருப்பது வளர்சிதைமாற்றத்தின் நாற்சந்தியில். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியால் லாக்டேட்டாகலாம். அலனைனாகலாம். மைட்டோகாண்டிரியாவுக்குள் போனால் அந்த முதல் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று பைகார்பனேட்டாகத் தெரியும். நிறமாலையில் இவை தனித்தனி இடங்களில் நிற்கின்றன: பைருவேட் 171-இல், அலனைன் 176-ஐ ஒட்டி, லாக்டேட் 183-இல், பைகார்பனேட் 161-இல், எல்லாம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில். ஒன்றை இன்னொன்றாகக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. புற்றுநோய்த் திசுக்கள் பலவும் ஆக்சிஜன் இருந்தாலும் பைருவேட்டை லாக்டேட் பக்கமே தள்ளும் என்பது ஓட்டோ வார்பர்க் காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. அப்புறம், பைருவேட் உயிரணுவுக்குள் வேகமாக நுழைகிறது, வேகமாக மாறுகிறது. ஒரு நிமிடக் கையிருப்பை வைத்துக்கொண்டு மெதுவான வினை எதையும் பார்க்க முடியாது. சுவாரசியமான எத்தனையோ வினைகள் இந்த ஒரே காரணத்தால் வாசலிலேயே நின்றுவிட்டன.

யூரியாவை விட்டுப் போகுமுன் ஒரு கிளைக்கதை, ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். யூரியாவில் கார்பன்-13 மட்டும் பொதித்து, நைட்ரஜனைச் சாதாரண நைட்ரஜன்-14 ஆகவே விட்டால், ஸ்கேனருக்குள் அது நன்றாகவே நடந்துகொள்ளும். முனைவாக்கும் கருவியான முனைவாக்கியிலிருந்து ஸ்கேனருக்குக் கையில் எடுத்துப் போகும் வழியில், பூமியின் புலம் மட்டுமே இருக்கும் இடத்தைக் கடக்கும்போது சமிக்ஞை சரிந்துவிடும். வலுவான புலத்தில் கார்பனும் நைட்ரஜனும் தனித்தனி அதிர்வெண்ணில் இருப்பதால் ஒன்று மற்றதைத் தொந்தரவு செய்வதில்லை. புலம் குறையக் குறைய இரண்டும் நெருங்குகின்றன. வேகமாகத் தளரும் நைட்ரஜன்-14 தன்னோடு கார்பனையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நைட்ரஜன்-15 போட்டால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் வழி முழுக்க நிலைக்காந்தங்கள் அடுக்கிய குழாய் வழியாகக் கரைசலை அனுப்ப வேண்டும். கருவியில் பழுது தேடிக்கொண்டே இருப்பார்கள். பழுது நடைபாதையில் இருக்கும்.

கரைத்ததிலிருந்து ஊசி வரை

கையிருப்பு கரையும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டி1 60 நொடி என்றால் முதல் நிமிட முடிவில் 37 சதவீதம் மிச்சம். இரண்டாம் நிமிடத்தில் 13 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மூன்றாம் நிமிடத்தில் 5. ஐந்தாம் நிமிடத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அரை ஆயுளாகச் சொன்னால் 42 நொடி. பெட் ஸ்கேனில் புழங்கும் ஃப்ளோரின்-18-க்கு அது 110 நிமிடம். வேறொரு கட்டடத்தில் தயாரித்து வண்டியில் அனுப்பலாம். அவ்வளவு குறுகிய ஆயுள் என்று பேர் வாங்கிய கார்பன்-11-க்கே 20 நிமிடம். பைருவேட்டுக்கு முனைவாக்கி ஸ்கேனர் அறையின் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும்.

கரைப்பது கடிகாரத்தின் தொடக்கம். மால்மோ முறையில் மாதிரியைத் திரவ ஹீலியத்துக்கு மேலே சற்றே தூக்குகிறார்கள். ஆனால் காந்தத்தை விட்டு வெளியே எடுப்பதில்லை. வலுவான புலம் இருக்கும்போதே, நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி அழுத்தத்தில் வைத்திருந்த நீரை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். சில நொடிகளில் 1.2 கெல்வினில் இருந்த பனிக்கட்டி வெதுவெதுப்பான திரவமாகிக் குழாய் வழியாக வெளியே வந்துவிடுகிறது. உறைநிலைக்கும் திரவநிலைக்கும் நடுவில், பாதி உருகிய கட்டத்தில், தளர்வு பயங்கர வேகமாக இருக்கும். அந்தக் கட்டத்தில் நிற்காமல் தாண்டிவிடுவதுதான் முழு வித்தையும்.

வந்த திரவத்தை அப்படியே ஏற்ற முடியாது. அது அமிலம், காரம் சேர்த்து நடுநிலையாக்க வேண்டும். இதுவரை உதவிய டிரைட்டில், திரவத்தில் எதிரியாக மாறிவிடுகிறது: அதன் எலக்ட்ரான் கார்பனின் டி1-ஐக் குறைக்கும், உடலுக்குள் போவதும் விரும்பத்தக்கதில்லை. நல்ல வேளை, அமிலச் சூழலில் டிரைட்டில் வீழ்படிவாகிறது. அதனால் நடுநிலையாக்கும் முன்பே வடிகட்டிவிடலாம். தப்பித் தவறி உலோக அயனி ஏதும் கலந்திருந்தால் அதைப் பிடித்து வைக்க ஈ.டி.டி.ஏ. சேர்க்கிறார்கள். அப்புறம் சோதனைகள்: அமில-காரத் தன்மை, வெப்பநிலை, பைருவேட்டின் செறிவு, மிஞ்சிய ரேடிக்கல், முனைவாக்கத்தின் அளவு. மருந்தாளுநர் ஒப்புதல் சொன்ன பிறகே ஊசி.

ஒவ்வொரு சோதனையும் நியாயமானது. ஒவ்வொன்றும் கையிருப்பைத் தின்கிறது. சாதாரணமாக மருந்தின் பாதுகாப்புக்கும் படத்தின் தரத்துக்கும் நேரடிப் பகை இருப்பதில்லை, இங்கே இருக்கிறது. என்னைக் கேட்டால், 44,400 என்ற எண்ணைவிடப் பெரிய சாதனை இந்தச் சோதனைகளை எல்லாம் ஒரு நிமிடத்துக்குப் பக்கத்தில் முடித்ததுதான். இயற்பியல் கட்டுரைகளில் அதற்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

ஊசி போகும் நேரத்தில் 5 சதவீதம் முனைவாக்கம் மிஞ்சியிருந்தால்கூட, 3 டெஸ்லாவில் இயல்பாக இருப்பதைப்போல அது 20,000 மடங்கு. இழப்பு இவ்வளவு இருந்தும் முறை பிழைத்திருப்பது இந்தத் தாராளத்தால்தான்.

துடிப்புக்குத் துடிப்பு சிக்கனம்

கையிருப்பு கரைவது போதாதென்று, பார்ப்பதும் செலவு. சாதாரண எம்.ஆர்.ஐ-யில் ரேடியோ துடிப்பால் ஸ்பின்களைச் சாய்த்துச் சமிக்ஞையை வாங்குகிறோம். கொஞ்சம் காத்திருந்தால் காந்தமாக்கம் மீண்டும் வளர்ந்துவிடும். திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்கலாம். இங்கே மீண்டும் வளர்வது அந்த இரண்டரைதான். 90 பாகை சாய்த்தால் அந்த ஒரு படத்தோடு எல்லாம் முடிந்தது.

ஆனால் கோணவியல் இங்கே நமக்குச் சாதகம். 10 பாகை சாய்த்தால் கிடைக்கும் சமிக்ஞை முழு அளவில் 17 சதவீதம். செலவாகும் கையிருப்போ ஒன்றரை சதவீதம். அப்படி 20 முறை எடுத்தாலும் துடிப்பால் போனது நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். எத்தனை படம் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் சாமர்த்தியமாகச் செய்யலாம்: எல்லாப் படத்திலும் சமிக்ஞை சமமாக வர, கோணத்தைப் படிப்படியாகக் கூட்டுவது. கடைசிப் படத்துக்கு 90 பாகை, அதற்கு முந்தையதற்கு 45, அதற்கும் முன்னால் சுமார் 35, அதற்கும் முன்னால் 30. இறுதியில் மிச்சம் வைத்து என்ன பயன், துடைத்து எடுத்துவிட வேண்டியதுதான்.

பைருவேட்டுக்கு இன்னொரு நுட்பமும் சேர்ந்தது. பைருவேட் நிறைய இருக்கிறது, அதிலிருந்து உருவாகும் லாக்டேட் கொஞ்சம். இரண்டையும் ஒரே அளவு சாய்த்தால், லாக்டேட்டாக மாறவிருக்கும் பைருவேட்டை மாறும் முன்பே செலவழித்தவர்கள் ஆவோம். 3 டெஸ்லாவில் இரண்டின் அதிர்வெண்களும் 400 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்கின்றன. அதைப் பயன்படுத்தி, பைருவேட்டைத் தொட்டும் தொடாமலும் சாய்த்து, லாக்டேட்டை நன்றாகச் சாய்க்கும் துடிப்புகளை வடிவமைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

31 பேர்

மனிதர்களுக்கு முன்னால் விலங்குகள். 2006-இல் கோல்மன் குழு உயிருள்ள உடலில் பைருவேட் மாறுவதை நேரடியாகப் படமெடுத்துக் காட்டியது. 2007-இல் கேம்பிரிட்ஜில் கெவின் பிரிண்டிலின் குழு, நிணநீர்ப் புற்றுக் கட்டி உள்ள எலிகளுக்கு எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. கட்டி சுருங்குவதற்குக் காத்திருக்காமல், ஒரு நாளுக்குள்ளேயே லாக்டேட் சமிக்ஞை இறங்கியது தெரிந்தது. இந்த முறையின் இயல்பான வேலை நோயைக் கண்டுபிடிப்பதைவிட, மருந்து வேலை செய்கிறதா என்று சீக்கிரம் சொல்வதுதான் என்று நான் நினைப்பதற்கு அந்தச் சோதனையே காரணம்.

சாரா நெல்சன், ஜான் குர்ஹானெவிச், டேனியல் விக்நெரான் ஆகியோர் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் முதல் கேள்வி, இது பாதுகாப்பானதா என்பது. அளவைப் படிப்படியாகக் கூட்டி, கிலோ எடைக்கு 0.43 மில்லிலிட்டர் வரை 230 மில்லிமோலார் பைருவேட்டைச் செலுத்தினார்கள். அளவை நிறுத்த வேண்டிய அளவுக்கு நச்சுவிளைவு எதுவும் தென்படவில்லை. திசுச் சோதனையில் புற்று என்று உறுதியான பகுதிகளில் லாக்டேட்டுக்கும் பைருவேட்டுக்கும் உள்ள விகிதம் உயர்ந்திருந்தது. புரோஸ்டேட்டுக்கு நடுவே, எங்கே எந்த வினை வேகமாக நடக்கிறது என்பது, கதிரியக்கம் எதுவும் இல்லாமல், இரண்டு நிமிடத்துக்குள் வரைபடமாகிவிட்டது.

இந்த முடிவைக் கொண்டாடும்போது சில விஷயங்களைக் கண்டும் காணாமலும் விட்டுவிடுகிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்த உச்ச அளவு 30 மில்லிலிட்டர். ஏழு மில்லிமோலுக்குச் சற்றுக் குறைவான பைருவேட். ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலந்தால் ஒரு மில்லிமோலாரைத் தாண்டும். ரத்தத்தில் சாதாரணமாக இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட் ஸ்கேனின் சுவடுப் பொருள் உடலின் வேலையைக் கலைக்காமல் ஒதுங்கி நின்று பார்க்கும். இங்கே வெள்ளமாய்ப் பாய்ச்சிவிட்டு வெள்ளம் எங்கே வடிகிறது என்று பார்க்கிறோம். அது வேறு வகை அளவீடு.

இன்னொன்று: லாக்டேட் சமிக்ஞை உயர்ந்தால் புதிதாக அவ்வளவு லாக்டேட் உற்பத்தியானது என்று பொருள் இல்லை. அந்த நொதி இரண்டு திசையிலும் வேலை செய்யும். ஏற்கெனவே அங்கே தேங்கியிருக்கும் லாக்டேட்டோடு கார்பன்-13 இடம் மாறிக்கொண்டாலும் சமிக்ஞை ஏறும். ரத்த ஓட்டம் அதிகமான இடம், பைருவேட்டை உள்ளே விடும் வாயில்கள் அதிகமான இடம், நொதி அதிகமான இடம் – எல்லாமே ஒரே மாதிரி பிரகாசிக்கலாம். அதனால் ஒரு நேரத்தில் எடுத்த விகிதத்தைவிட, காலப்போக்கில் இரண்டு சமிக்ஞைகளும் ஏறி இறங்கும் வளைகோடுகளிலிருந்து மாற்ற வேகத்தைக் கணக்கிடுவதே நம்பகமானது. துடிப்புக் கோணங்கள் எவை என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. கரைந்ததில் எவ்வளவு டி1-ஆல், எவ்வளவு நாம் பார்த்ததால், எவ்வளவு உண்மையில் மாறியதால் என்று பிரித்தாக வேண்டுமே.

2016-இல் டொராண்டோ குழு ஒன்று மனித இதயத்தில் இதையே செய்தது. அங்கே பார்க்க வேண்டியது பைகார்பனேட். இதயத் தசை பைருவேட்டை மைட்டோகாண்டிரியாவுக்குள் எரிக்கிறதா என்று அது சொல்லும்.

ஜினான் முந்திக்கொண்டது

இந்த மிகைமுனைவாக்கக் குடும்பத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலை 2022 டிசம்பரில் பெற்றது கார்பன் இல்லை, ஜினான்-129 வாயு. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நுரையீரலில் காற்று எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று பார்ப்பதற்கு. 1994-இல் எலியின் நுரையீரலை வெளியே எடுத்து அதில் முதல் படம் எடுத்திருந்தார்கள்; ஒப்புதலுக்கு 28 ஆண்டுகள்.

ஜினானுக்குத் திரவ ஹீலியக் குளிர் வேண்டாம். ரூபிடியம் ஆவியை லேசரால் முனைவாக்கி, அதன் எலக்ட்ரான்கள் மோதும்போது ஜினானுக்கு மாற்றிவிடுகிறார்கள். வடிகட்ட ரேடிக்கல் இல்லை, நடுநிலையாக்க அமிலம் இல்லை, ஊசி இல்லை; பையிலிருந்து மூச்சை இழுத்துப் பிடித்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பைக்குள் அதன் முனைவாக்கம் பல பத்து நிமிடங்கள் தாங்கும். அந்த அவகாசத்தில் தாதி பையை எடுத்து வந்து, நோயாளிக்கு ஒருமுறை விளக்கம் சொல்லி, மறுபடி ஒருமுறை சொல்லி, பிறகு ஆரம்பிக்கலாம். ஜினான் காட்டுவது வளர்சிதைமாற்றத்தை அல்ல என்பது உண்மைதான். ஆனால் மருத்துவமனையின் நடைமுறை வேகத்துக்கு ஒத்துப்போனது அதுதான்.

பாராஹைட்ரஜன் வழி மூன்றாவது. ஹைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு ஸ்பின்களும் ஒன்றையொன்று ரத்து செய்து நிற்கும் பாரா நிலை, அறை வெப்பநிலையில் 25 சதவீதம். திரவ நைட்ரஜன் குளிரில் வினையூக்கியோடு வைத்தால் 50 சதவீதம். 20 கெல்வினில் ஏறக்குறைய முழுவதும். அந்த ஒளிந்திருக்கும் ஒழுங்கை ஒரு வேதிவினை வழியாக வெளியே எடுக்கலாம் என்று 1986-இல் பவர்ஸும் வைட்டேக்கம்ப்பும் சொன்னார்கள். 2009-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு, மூலக்கூறை மாற்றாமலே ஓர் இரிடியம் வினையூக்கியில் ஹைட்ரஜனும் அதுவும் சற்று நேரம் சேர்ந்து இருந்தால் போதும் என்று காட்டியது. நொடிகளில் முனைவாக்கம், மலிவான கருவி. மனிதருக்கு என்று வரும்போது அந்த இரிடியத்தைக் கரைசலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், அதுவும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. டிரைட்டில் விட்ட இடத்தில் இரிடியம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பைருவேட் பக்கம் எனக்கு அதிகம் பிடித்த அண்மைக்கால வேலை, கடிகாரத்தை மெதுவாக்குவதை விட்டுவிட்டு அது தொடங்கும் இடத்தையே தள்ளிப் போடுவது. பைருவிக் அமிலத்தை உறைய வைத்து அதன்மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால், அமிலமே தனக்குள் ரேடிக்கல்களை உருவாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து டிரைட்டில் வேண்டாம். 2013-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அதைக் கொண்டே முனைவாக்கிக் காட்டியது. அந்த ரேடிக்கல்கள் நிலையற்றவை. கரைந்ததும் மறைந்துவிடும், வடிகட்ட ஒன்றும் மிஞ்சாது. அதைவிட நல்ல செய்தி, கரைக்காமலே, மாதிரியைச் சுமார் 190 கெல்வின் வரை மட்டும் சட்டென்று சூடாக்கினாலே அவை அழிந்துவிடும், மாதிரி திடப்பொருளாகவே இருக்கும். ரேடிக்கல் இல்லாத உறைந்த பைருவிக் அமிலத்தைத் திரும்பக் குளிர்வித்து ஒரு காந்தப்புலத்தில் வைத்தால், டி1 மணிக்கணக்கில் நீள்கிறது. முனைவாக்கி ஓரிடத்தில் இருக்கலாம், ஸ்கேனர் வேறு ஊரில் இருக்கலாம். நடுவே தேவைப்படுவது திரவ ஹீலியக் குளிரையும் ஒரு சிறு காந்தத்தையும் சுமந்து போகும் பெட்டி. கரைக்கும் வேலை நோயாளியின் பக்கத்தில் வந்த பிறகு.